குப்புராஜ் படம் போட்ட கல்

காரிமங்கலம் வட்டாரத்தில் குப்புராஜைத் தெரியாதவர்கள் இன்று குறைவு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்த இரண்டு வருடத்தில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. என்மேல் எனக்கு இருக்கும் கோபம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நியாயஸ்தன் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். சந்தைக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு புளி மண்டியை வாடகைக்குப் பிடித்து, வட்டார வரலாற்றுக் கூடம் என்று பெயர் வைத்தோம். நான் செயலாளர். முதுமக்கள் தாழியின் உடைசல்கள், கல் கோடாரிகள், இரும்பு உருக்கிய கசடு, பித்தளை மரக்கால், போரில் செத்தவனுக்கு நட்ட நடுகற்கள் இரண்டு. இவ்வளவுதான் சொத்து. மழை பெய்தால் இன்னும் புளி வாசம் அடிக்கும். ஒரு நாளில் மூன்று பேர் வந்தால் எங்களுக்கு அது திருவிழா. அந்த மூவரில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவராக இருப்பார்.

குப்புராஜ் எங்களுடைய ஒரே சம்பளக்காரர். ஐம்பத்திரண்டு வயது. கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பை வாரிக்கொண்டு போனபிறகு, பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டில் கூடை தூக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பெயரட்டை எழுத ஆள் தேடியபோது கிடைத்தார், அப்படியே தங்கிவிட்டார். பூட்டைத் திறப்பார், கூட்டுவார், வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒரு ஓட்டாஞ்சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பேசினால், அதில் சோறு தின்றவளே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பொருளின் படத்தையும் நான்கு வரிச் செய்தியையும் கூடத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போடுவது அவர் கண்டுபிடித்த வேலை. யாரும் சொல்லவில்லை, அவராகவே ஆரம்பித்தார். காய்ச்சலிலும் போட்டார். மகள் கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் ஓரமாக நின்று போட்டார். அவர் வீட்டுக்காரி காசியம்மாள் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்ட கதை எங்கள் ஊரில் பிரசித்தம். இவ்வளவுக்கும் விழுகிற லைக் பதினொன்று. அதில் ஏழு எங்களுடையது.

ஒரு கூட்டத்தில் நான்தான் சொன்னேன். "இந்த நாலு சட்டியையே எத்தனை நாளைக்குங்க காட்டறது? ஊருக்குள்ள போங்க. வயல்ல, ஏரிக்கரைல கெடக்கறதையெல்லாம் படம் புடிச்சுப் போடுங்க, அப்பத்தான் ஜனம் பாக்கும்." இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப் போனவர்தான் ஊஞ்சனஅள்ளியில் பாஞ்சாலியின் கிணற்று மேட்டில் அந்தக் கல்லைப் பார்த்தார்.

பாஞ்சாலிக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. புருஷன் போய்ப் பத்து வருடம். ஒரே மகள் பொம்மிடியில் வாக்கப்பட்டிருந்தாள். கையில் ஒன்றேகால் ஏக்கர், அதில் ஒரு கிணறு, கிணற்றில் ஐந்து குதிரை சக்தி மோட்டார். தக்காளியும் கேழ்வரகும் மாற்றி மாற்றி வைத்து, யார் கையையும் எதிர்பாராமல் இருந்தாள். கிணறு வற்றாத கிணறு. கொழுந்தன் மகன் அருள்குமாருக்கு அதன்மேல் கண் என்பது ஊரறிந்த விஷயம். அருள்குமாருக்கு முப்பத்தைந்து வயது, மனை பிரித்து விற்கும் புரோக்கர் வேலை, தோளில் எப்போதும் ஒரு துண்டு.

கல் இடுப்புயரம். வில்லோடு ஒரு ஆள், தொடையில் இரண்டு அம்பு, பின்னால் சின்னதாக நான்கு மாடுகள், மேலே மூன்று வரி எழுத்து. அவள் அதில் தக்காளிக் கூடையைச் சாய்த்து வைப்பாள். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் பூசியதில் மிஞ்சிய மஞ்சளை இதற்கும் பூசுவாள். காவக்காரன் என்று பெயர். அதற்கு மேல் ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிட்டதில்லை.

குப்புராஜ் கல்லைக் கழுவி, எழுத்தில் சுண்ணாம்புப் பொடி தடவிப் படம் எடுத்தார். அவள் கூடவே நின்று பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க சார், இதப் போட்டா ஆளுங்க வருவாங்களா?"

"யாருக்கா வரப்போறாங்க? பதினோரு பேரு பாப்பாங்க. கல்லு உங்களுது, உங்க காட்டுலயே இருக்கும். உங்களுக்கு ஒரு பெருமை, அவ்ளோதான்."

"பெருமைய வெச்சு என்ன பண்றது. வம்பு வராம இருந்தாப் போதுங்."

"நான் இருக்கறன்லக்கா," என்று சொல்லிவிட்டு வந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார். மறைக்கத் தெரியாத மனிதர்.

எழுத்தைப் படித்துச் சொன்னது நான். கொள்ளைபோன மாட்டுமந்தையை மீட்டுக்கொண்டு வந்து, அந்தச் சண்டையிலேயே செத்துப்போனவனுக்கு வைத்த கல். குப்புராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போட்டார்: "ஆயிரத்து இருநூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறான்! போன மாட்டை மீட்டுக் கொடுத்துவிட்டு உயிரை விட்டவன்! ஊஞ்சனஅள்ளியில் ஒரு அம்மாவின் காட்டில், கவனிப்பார் இல்லாமல்! போய்ப் பாருங்கள், ஒரு கும்பிடு போடுங்கள்!" கீழே வழிகாட்டும் மேப்பையும் இணைத்திருந்தார். நான் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

அந்த வாரம் சப்பாணிப்பட்டிப் பக்கத்துப் பால்காரர் ஒருவருக்குக் காணாமல்போன மாடு திரும்பி வந்தது. மாடு என்றால் நான்கு நாள் மேய்ந்துவிட்டுத் தானாக வரும். அவர் போனில் படத்தைப் பார்த்துக் கும்பிட்ட அன்று வந்து தொலைத்தது. அவர் வீடியோவில் அழுதார். எங்கள் பக்கத்தில் வில்லோடு நிற்கிற பழைய கல் என்றால் அது வேடியப்பன் சாமி, ஆட்டை வெட்டிப் பொங்கல் வைத்தாக வேண்டும். பதினைந்து நாளில் படம் ஓசூர், பெங்களூரு வரை போய்விட்டது. முதலில் மாடு தொலைத்தவர்கள் வந்தார்கள். பிறகு பைக் தொலைத்தவர்கள், போன் தொலைத்தவர்கள், கோபித்துக்கொண்டு போன மகனைத் தேடுகிறவர்கள். செவ்வாய்க்கிழமை என்றால் சாலை ஓரத்தில் நாற்பது வண்டி.

கூடத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றிப் பத்துப் பேர் வந்தார்கள். நாங்கள் ஏழு பேரும் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றோம்.

பாஞ்சாலியின் தக்காளி அந்தப் போகம் காலில் மிதிபட்டுப் போனது. அருள்குமார் ஒரு கமிட்டி அமைத்தான். தன் முகம் பெரிதாகவும் கல் சிறிதாகவும் போட்ட பேனர் வைத்தான். கல்லைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள், கிணறும் வயலுக்குப் போகிற வழியும் வேலிக்குள் போயின. கிணற்று நீர் தீர்த்தம் ஆனது. தீர்த்தத்தில் மோட்டார் போடக்கூடாது என்றார்கள். எருக்கூடையோடு அந்த வழியாக நடக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அவள் தன் வயலுக்குள் போவதற்குக் கமிட்டியில் ஒருவன் சாவி எடுத்துத் திறந்துவிட வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை கூடத்துக்கு வந்தாள். அதற்கு முன் அவள் உள்ளே வந்ததில்லை. எதையும் பார்க்கவில்லை. குப்புராஜ் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டே பேசினாள்.

"சார், நீங்க போட்டதுதான இவ்வளவும். நீங்களே மாத்திப் போடுங்க. அது சாமி இல்ல, எழுத்தும் இல்ல, சும்மா ஆட்டுக்கல்லு கொத்தறவன் கொத்திப் பாத்ததுன்னு போடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அங்கேதான் நாற்காலியில் இருந்த நான் பதில் சொன்னேன்.

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. இது வரலாறு. கூடத்தோட பேர்ல பொய் சொல்ல முடியாது. தாசில்தார்கிட்ட ஒரு மனு குடுங்க, நான் எழுதித் தர்றேன்."

"மனு குடுத்துட்டனுங்க. மூணு குடுத்துட்டன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். பேசியது சரி என்று நான் நிம்மதியாக இருந்தேன். முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவன், பொய்க்குத் துணை போகவில்லை என்ற எண்ணம். தூ என்று இப்போது என்னையே துப்பத் தோன்றுகிறது.

குப்புராஜ் பதின்மூன்று நாள் தாங்கினார். பதினான்காம் நாள் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்: "மன்னிக்கவும். ஊஞ்சனஅள்ளிக் கல் பழையது அல்ல என்று தெரியவந்துள்ளது. யாரும் அங்கே போக வேண்டாம். அது ஒரு அம்மாவின் பிழைப்பு நடக்கும் காடு." அவர் எழுதியதிலேயே அழகான செய்தி அதுதான் என்று நினைக்கிறேன். பொய்தான், இருந்தாலும்.

யாரும் நம்பவில்லை. நம்பாமல் போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் புளி மண்டியில் வைக்கத் திட்டம், அதனால்தான் பொய் சொல்கிறார்கள் என்று அருள்குமார் ஒரு வீடியோ போட்டான். மத்தியானமே எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் நொறுங்கின. குப்புராஜின் இடது காது அறைபட்டதில் மந்தமானது, இன்னும் சரியாகவில்லை. மறுநாள் கல்லின் அடியில் கான்கிரீட் போட்டார்கள், யாரும் அசைக்க முடியாதபடி. அவளுக்குக் கைகொடுக்கப் போய் வேலியை இன்னும் இறுக்கிவிட்டு வந்தார் மனிதர்.

பிறகு நடந்தது ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில். கமிட்டி ஆட்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பாஞ்சாலி வேலியை அரிவாளால் வளைத்து உள்ளே போய், தக்காளிக்கு ஊன்றிய குச்சிகளையெல்லாம் பிடுங்கிக் கல்லைச் சுற்றி அடுக்கித் தீ வைத்தாள். பாறை உடைக்கிறவர்கள் வெடிமருந்து இல்லாத காலத்தில் செய்த வேலை அது, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கல் பழுக்கக் காய்ந்ததும் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினாள். மூன்றாய் வெடித்தது, உருவமும் எழுத்தும் செதில் செதிலாக உதிர்ந்தன. ஓடிவந்தவர்கள் பார்த்தபோது, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாளாம். கையெல்லாம் கொப்புளம்.

"எங்காட்டுக் கல்லு, நான் ஒடச்சன்," என்றாளாம்.

போலீஸ் வரை போயிற்று. அங்கிருந்து ஊருக்கே திரும்பி வந்தது. ஊர் கூடியது. சாமியை உடைத்த பாவத்துக்கு ஒரே ஒரு பரிகாரம் சொன்னார்கள். கல் இருந்த இடமும் கிணறும் அதற்குப் போகிற வழியும், மொத்தம் பதினெட்டு சென்ட், அவள் மனமுவந்து கோயிலுக்குக் கொடுத்ததாகக் கைநாட்டு. மகளும் மருமகனும் பொம்மிடியிலிருந்து வந்து, ஜெயிலுக்குப் போவதைவிட இது மேல் என்று காலைப் பிடித்தார்கள். கட்டுப்போட்ட கையின் நுனியில் மை தடவி வைத்துவிட்டாள். மீதி நிலம் அவளுடையதுதான். தண்ணீர் இல்லாத நிலம்.

கல் உடைந்ததால் சாமி போய்விடவில்லை. புதுக் கல் செய்யக் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். மாதிரிக்கு என்ன இருக்கிறது? குப்புராஜ் எடுத்த படம்தான் இருக்கிறது. அவர் தன் போனிலிருந்து அழித்துவிட்டார். கூடத்தின் பக்கத்திலிருந்தும் அழித்தார். நாட்டில் அத்தனை போனிலும் அது இருக்கும்போது இவர் அழித்து என்ன ஆகிவிடும்? ஆளுயரத்துக்குப் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உள்ளது உள்ளபடி, ஒரு புள்ளி குறையக்கூடாது, குறைந்தால் தெய்வக் குற்றம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஸ்தபதி பயபக்தியோடு செய்தார். வில், அம்பு, நான்கு மாடு, தனக்குத் தெரியாத அந்தப் பழைய எழுத்து, எல்லாம் அச்சு. படத்தின் கீழ் மூலையில் சிறியதாகக் 'குப்புராஜ்' என்று இருந்தது. போர்டு எழுதுகிறவர்களின் பழக்கம் அது. எந்தப் பலகை எழுதினாலும் ஓரத்தில் பெயர் போடாமல் கை ஓயாது. போனில் படம் எடுத்தாலும் அதன்மேல் விரலால் எழுதிவிடுவார், நாங்கள் கேலி செய்திருக்கிறோம். ஸ்தபதிக்கு இதில் சந்தேகமே வரவில்லை. கோயிலில் விளக்குக்கும் பெயர், படிக்கும் பெயர், மின்விசிறி இறக்கையில்கூட உபயம் இன்னார் என்று பெயர். கல்லுக்கு உபயதாரர் இருக்கமாட்டாரா? வேடியப்பன் காலுக்குக் கீழே நல்ல ஆழமாக வெட்டி, கொஞ்சம் பெரிதாக்கியும் கொடுத்துவிட்டார்.

கமிட்டிக்காரர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு, சாமியே அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது, பொய் சொன்னவன் பெயரையே காலடியில் போட்டுக்கொண்டது என்று ஒரு கதை கிளம்பியது. கதை கிளம்பியபிறகு யார் கொத்தி அழிப்பது? கும்பாபிஷேகத்துக்கு அழைப்பிதழோடு அருள்குமாரே கூடத்துக்கு வந்தான்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க சார். உங்க பேரு அங்க இருக்கு. நீங்க வரலீன்னா நல்லா இருக்காது."

குப்புராஜ் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போகலாம் என்றார். "என் பேரு எங்க எழுதியிருக்குன்னு கண்ணால பாத்துடணும் சார்," என்றார். அந்தக் குரலில் வேதனை இருந்தது. கொஞ்சம் ஆசையும் இருந்தது, நான் காது கேளாதவன் இல்லை. அவருடைய எழுத்துகள் ஊர் முழுக்க வெயிலில் வெளுத்துப்போய்விட்டன, ஃபிளெக்ஸுக்குப் பின்னால் மறைந்துபோய்விட்டன. இது ஒன்று கல்லில் இருக்கிறது. நானும் கூடப் போனேன்.

நல்ல கூட்டம். மேளம், ஒலிபெருக்கி, அன்னதானம். பாஞ்சாலி வேலிக்கு வெளியே, தன் மீதி நிலத்தின் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு காலிக் குடம். புதிதாகத் தக்காளி நட்டிருந்தாள், சாண் உயரம், இலை சுருண்டிருந்தது. தீக்காயம் ஆறிக் கை பளபளவென்று சுருங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், சாமி காலுக்குக் கீழ என்னமோ பேரு வெட்டியிருக்குதாமே. எனக்குப் படிக்கத் தெரியாது. உங்க பேருங்கறாங்க, நெசமாங்க?"

குப்புராஜ் தரையைப் பார்த்தார். "நெசந்தாங்கக்கா."

"அப்டீன்னா உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்குமில்லீங்க?" அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. "கெணறு வேணாம் சார், அவங்களே வெச்சுக்கட்டும். ஒரு பைப்பு மட்டும் வுடச் சொல்லுங்க. வாரத்துக்கு ரெண்டு தண்ணி. நீங்க சொன்னா அருளு கேப்பான். இப்பப் போய்ச் சொல்லுங்க, எல்லாரும் இருக்கறப்பச் சொல்லுங்க."

"சொல்றங்கக்கா," என்றார் அவர்.

உள்ளே போனார். கூட்டம் வழிவிட்டது. அருள்குமார் கையைப் பிடித்துக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினான். அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாஞ்சாலியக்கா, தண்ணி, பைப்பு என்று எனக்குக் கேட்டது. மேளக்காரன் அதே நேரத்தில் வேகமெடுத்தான். அருள்குமார் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க சார், மொதல்ல மரியாதைய வாங்குங்க," என்றான். பூசாரி ஒரு பட்டுத்துண்டை எடுத்து அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். கழுத்தில் மாலை விழுந்தது. ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் இன்னொரு முறை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், குனிந்து கும்பிட்டார். தன் பெயருக்கு நேராக நெற்றி படும்படி கும்பிட்டார். நான் பின்னால் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது, நானும் பேசவில்லை.

வெளியே வந்தபோது பரிவட்டத்தைக் கழற்ற மறந்துவிட்டார். பாஞ்சாலி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னங்கக்கா."

"என்னங்கறான்?"

"அப்புறம் பேசிக்கலாங்கறாரு."

அவள் அவர் தலையை ஒரு முறை பார்த்தாள், கழுத்து மாலையைப் பார்த்தாள். "நாத்துக்கு அப்புறம்னு சொன்னாப் புரியுங்களா சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக் குழாய்க்கு நடந்தாள். அது அரைக் கிலோமீட்டர். கால் ஏக்கர் நாற்றுக்கு அவள் எத்தனை நடை நடக்க வேண்டும் என்று வாத்தியார் புத்தி கணக்குப் போட்டது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒன்பது நாள் நடந்தாள் என்று பிறகு சொன்னார்கள். பத்தாம் நாள் செடியெல்லாம் சாய்ந்துவிட்டது.